நடுங்கிய நிலமும் நிமிர்ந்த ஊர்களும்

பொறுமைக்கு நிலத்தை எடுத்துக்காட்டுவது தமிழர் மரபு. ஏர் கொண்டு உழுதாலும், மண்வெட்டி கொண்டு வெட்டினாலும், மலைபோல் மாளிகை எழுப்பினாலும் நிலம் முகஞ்சுளிப்பதில்லை. தன்மேல் வாழும் உயிர்கள் அனைத்தையும் தாங்கி நிற்கிறது. அதனால் அன்றோ நிலத்தைத் தாய் என்று போற்றுகிறோம்! அத்தகைய நிலமே ஒருநாள் நள்ளிரவில் நிலைகுலைந்து நடுங்குமாயின், அதன்மேல் வாழும் மக்களின் நிலை என்னாகும்? வீடு வீழ்ந்து, வயல் பிளந்து, வழி அடைபட்டபின் அவர்கள் எதனைப் பற்றிக்கொண்டு எழுவர்? இவ்வினாக்களுக்கு விடை காண விரும்புவோர் தைவான் தீவின் நடுநாட்டில் ஒருமுறை பயணம் செய்தல் வேண்டும்.

எழில் தீவு

சீன நாட்டின் தென்கிழக்குக் கரைக்கு எதிரே, கடலில் மிதக்கும் ஓர் இலைபோல் விளங்குவது தைவான் தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 36,000 சதுரக் கிலோமீட்டர். நம் நாட்டுக் கேரள மாநிலத்தினும் சற்றே சிறியது. பதினாறாம் நூற்றாண்டில் அவ்வழியே கலம் செலுத்திய போர்த்துக்கீசிய மாலுமிகள், பச்சைப் பசேலென்ற அதன் மலைகளைக் கண்டு வியந்து, தங்கள் மொழியில் 'அழகிய தீவு' என்னும் பொருள்பட 'ஃபார்மோசா' என்று அழைத்தனர். நெடுங்காலம் மேலைநாட்டார் அப்பெயராலேயே அத்தீவை அறிந்திருந்தனர்.

தீவின் மேற்குப் பகுதி நெல் விளையும் சமவெளி. நடுவிலும் கிழக்கிலும் வடக்குத் தெற்காக மலைத்தொடர்கள் நீண்டு கிடக்கின்றன. மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை இச்சிறு தீவில் உள்ளன. அவற்றுள் உயர்ந்ததாகிய யூசான் சிகரத்தின் உயரம் 3,952 மீட்டர். தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி இதனினும் ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்ந்தது என்றால், தைவான் மலைகளின் ஓக்கம் ஒருவாறு விளங்கும்.

இத்துணை உயர்ந்த மலைகள் இச்சிறு தீவில் எவ்வாறு தோன்றின? பூமியின் மேலோடு ஒரே துண்டாக அமைந்ததன்று. பெரிய பெரிய பாறைத் தட்டுகள் பலவாகப் பிரிந்து கிடக்கிறது. அத்தட்டுகள் மிக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. தைவான் தீவு இருப்பது இரண்டு தட்டுகள் மோதும் இடத்தில். கிழக்கேயுள்ள பிலிப்பைன் கடல் தட்டு, மேற்கேயுள்ள யுரேசியத் தட்டை நோக்கி ஆண்டுக்கு எட்டுச் சென்டிமீட்டர் அளவு நெருங்கி வருகிறது. எட்டுச் சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு விரல் நீளமே. ஆயினும் பல நூறாயிரம் ஆண்டுகள் இடைவிடாது நெருக்கும்போது நிலம் மடிகிறது. மடிந்த நிலம் மலையாக உயர்கிறது. கடலுக்கடியில் கிடந்த பாறை வானளாவிய சிகரமாகிறது.

இவ்வாறு நெருக்குண்ட பாறை எல்லாக் காலத்தும் அமைதியாக வளைந்து கொடுப்பதில்லை. தாங்கும் எல்லையைக் கடந்தவுடன் திடீரென உடைந்து வழுக்குகிறது. அவ்வாறு உடைவதே நிலநடுக்கம். ஆதலின் தைவானுக்கு அழகைத் தந்த ஆற்றலும் அழிவைத் தந்த ஆற்றலும் ஒன்றே. அத்தீவில் வாழ்வோர் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விலக்க இயலாது.

1999 செப்டம்பர் 21

அன்று பின்னிரவு ஒன்று மணி நாற்பத்தேழு நிமிடம். ஊர் அடங்கி மக்கள் உறங்கிக் கிடந்தனர். தீவின் நடுவே, நாந்தோ மாவட்டத்து ஜிஜி என்னும் சிற்றூரின் அடியில், ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உடைந்தது. அந்நிலநடுக்கத்தின் அளவு 7.6. நூறு நொடி அளவே நிலம் ஆடிற்று. அதற்குள் மலைச்சரிவுகள் பெயர்ந்தன, பாலங்கள் முறிந்தன, தீவின் பெரும்பகுதியில் மின்விளக்குகள் அணைந்தன. ஏறத்தாழ 2,400 பேர் மாண்டனர். பதினோராயிரத்திற்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகள் முற்றும் இடிந்தன. அதே அளவான வீடுகள் பாதி சிதைந்தன. 

நிலத்தின் மேற்பரப்பில் வடக்குத் தெற்காக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு பிளவு தோன்றிற்று. பிளவின் கிழக்குப் பகுதி மேற்குப் பகுதியின்மேல் ஏறி நின்றது. முதல்நாள் மாலை சமமாக ஓடிய ஆறு ஒன்று, மறுநாள் காலையில் அப்பிளவின் குறுக்கே அருவியாய் வீழ்ந்தது. ஊருக்கு ஊர் கூடாரங்கள் எழுந்தன. அண்டை நாடுகளிலிருந்து மீட்புப் படையினர் விரைந்து வந்தனர். இவ்வாறு சிதைந்த நாட்டுப்புறமே இப்போது பயணிகளை வரவேற்கும் பசுமை நாடாக விளங்குகிறது. அங்குச் செல்வோர் அழகை மட்டும் கண்டு திரும்புவதில்லை. வீழ்ந்தவர் எழுந்த வரலாற்றையும் கண்டு திரும்புகின்றனர்.

பள்ளி மைதானம் சொல்லும் பாடம்

மேற்குச் சமவெளியிலுள்ள தைச்சுங் பெருநகரிலிருந்து தெற்கே புறப்படுவோர் முதலில் வூபெங் என்னும் ஊரை அடைவர். அங்கு ஒரு பள்ளி இருந்தது. பூமியின் பிளவு அப்பள்ளியின் விளையாட்டு மைதானத்தின் குறுக்கே சென்றது. மாணவர்கள் ஓடிப் பழகிய வட்டப்பாதை ஒரு பக்கம் தாழ்ந்தும், மறுபக்கம் ஆள் உயரத்திற்கு மேல் எழுந்தும் அலைபோல் நிற்கிறது. வகுப்பறைக் கட்டடங்கள் முழந்தாள் மடித்து வீழ்ந்த யானைகளைப் போல் கிடக்கின்றன.

மீண்டும் கட்டுவோர் இடிபாட்டை அகற்றிவிடுவதே வழக்கம். வூபெங்கில் அவ்வாறு செய்யவில்லை. அம்மைதானத்தையும் அவ்வகுப்பறைகளையும் அப்படியே காத்து, மேலே கூரை அமைத்து, 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று நிலநடுக்க அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தனர். தீவெங்குமிருந்து பள்ளி மாணவர்கள் அங்கு வருகின்றனர். பிளவு எவ்வாறு நேர்ந்தது என்பதை நேரில் காண்கின்றனர். கட்டடம் ஏன் வீழ்ந்தது என்பதையும் கற்கின்றனர். வகுப்பறைகள் நீண்ட வரிசையாக அமைந்திருந்தன. முன்புறத் தாழ்வாரத்திற்கு வெளித்தூண்கள் இல்லை. நீளவாட்டில் சுவர்கள் குறைவு. அத்திசையில் நிலம் ஆடியபோது மெலிந்த தூண்கள் முறிந்தன. குற்றம் நிலத்தின்மேல் மட்டுமன்று. கட்டிய முறையின்மேலும் உண்டு என்பதை அவ்வகுப்பறைகள் வாய் திறவாமல் கூறுகின்றன.

அவ்விரவில் இவ்வாறு பாழான பள்ளிகள் முந்நூறுக்கு அண்மையில் இருக்கும். பகல் நேரமாக இருந்திருப்பின் இறந்தோர் தொகை எத்துணையாகியிருக்கும் என்பதை எண்ணவும் நெஞ்சம் அஞ்சுகிறது. பின்னர் அப்பள்ளிகள் வலிய தூண்களோடும், காற்றும் ஒளியும் தாராளமாக வரும் அமைப்போடும் புதியனவாகக் கட்டப்பட்டன. ஊர்தோறும் ஆசிரியரும் பெற்றோரும் கூடிப் பேசிப் பள்ளியின் வடிவத்தை முடிவு செய்தனர். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற பழைய கட்டடங்கள் மறைந்து, அவ்வவ்வூர்க்கு ஏற்ற பள்ளிகள் எழுந்தன.

தானே தளிர்த்த மலை

வூபெங்கைக் கடந்து கிழக்கே செல்லும்போது, வானத்தைக் கிழிக்கும் பற்களைப் போன்ற கூரிய குன்றுகள் வரிசையாகத் தோன்றும். 'தொண்ணூற்றொன்பது சிகரங்கள்' என்பது அவற்றின் பெயர். எண்ணிக் கண்ட தொகையன்று அது. மிகப் பல என்பதைச் சுட்டும் வழக்கு. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய மலை அது. அதன்மேல் மண் மிக மெல்லிய போர்வையாகவே படிந்திருந்தது. நிலம் நடுங்கியபோது அப்போர்வை மரஞ்செடிகளோடு நழுவி வீழ்ந்தது. பசுமையாய் நின்ற குன்றுகள் ஓரிரவில் வெண்சாம்பல் நிறத்து எலும்புக்கூடுகளாய் நின்றன.

மலையை எவ்வாறு மீட்பது என்று அறிஞர் ஆராய்ந்தனர். செங்குத்தான அச்சரிவுகளில் ஆள் ஏறி மரம் நடுதல் அரிது, நட்டாலும் நில்லாது. ஆதலின் 2000-ஆம் ஆண்டில் அப்பகுதியைக் காப்பிடமாக அறிவித்து, மனிதர் கை படாமல் இயற்கையின் போக்கில் விட்டுவிட்டனர். காற்றும் பறவையும் விதை கொணர்ந்தன. முதலில் புல் முளைத்தது. புல்லின் வேர் மண்ணைப் பற்றியது. பற்றிய மண்ணில் செடியும் சிறுமரமும் தோன்றின. ஆண்டுகள் செல்லச் செல்லக் குன்றுகள் மீண்டும் பச்சை உடுத்தன. விலகி நிற்பதும் ஓர் உதவியே என்பதற்கு இம்மலை சான்றாக நிற்கிறது.

கோயிலும் நிலையமும்

அம்மலைக்குத் தெற்கே, சோசுய் ஆற்றின் வடகரையை அடுத்து இருப்பது ஜிஜி. நிலநடுக்கத்தின் நடுவிடமாகிய அவ்வூருக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கற்பூர மரங்கள் ஓங்கி வளர்ந்து, கிளைகளைக் கோத்துப் பசும்பந்தர் அமைத்துள்ளன. நம் வழிபாட்டில் ஏற்றும் கற்பூரம் பண்டு இவ்வகை மரத்தினின்றே வடிக்கப்பட்டது. அப்பந்தரின் கீழ் மிதிவண்டியில் செல்வோர் வெயிலை அறியார்.

இங்குள்ள இருப்புப்பாதை, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை. மலைமேல் நீர்மின் நிலையம் கட்டுவதற்கு வேண்டிய பொருள்களை ஏற்றிச் செல்ல, சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1920-களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. ஜிஜியிலுள்ள பழைய மரநிலையம் நிலநடுக்கத்தில் சாய்ந்துவிட்டது. ஊரார் அதனை விறகாக்கவில்லை. மரங்களைக் கழற்றி, இயன்றவரை பழைய மரங்களையே கொண்டு பழைய வடிவிலேயே நிறுத்தினர். இன்று பயணிகள் பலரும் நின்று பார்த்து மகிழும் நிலையம் அதுவே.

ஊர்ப்புறத்தே உள்ள கோயிலின் நிலை வேறு. வூச்சாங் கோயில் என்னும் அப்பெருங்கோயிலின் கீழ்த்தளம் முற்றும் நொறுங்கிற்று. மேற்கூரையோ பெரிதும் சிதையாமல் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டது. பொன்வண்ண ஓடுகளும் பறவைநாகச் சிற்பங்களும் பொலிந்த கூரை, கால் இழந்த மாவீரனைப் போல மண்ணில் வீற்றிருக்கும் காட்சி காண்போர் உள்ளத்தை உருக்கும். கீழே திறந்த தூண்களும் மேலே கனத்த கூரையும் அமைந்தமையால் நேர்ந்த விளைவு அது. வீழ்ந்த கோயிலை நினைவாகக் காத்து, அதன் அருகே புதிய கோயிலை மக்கள் எழுப்பியுள்ளனர். பழையதை மீட்டு நிறுத்தியது ஒரு வழி. வீழ்ந்தவாறே காத்தது மற்றொரு வழி. இரண்டு வழிகளையும் ஜிஜியில் ஒருங்கே காணலாம்.

ஞாயிறு திங்கள் ஏரி

ஜிஜியிலிருந்து மலைப்பாதை ஏறினால், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பெரிய ஏரி ஒன்று கண்ணுக்கு விருந்தாகத் தோன்றும். அதன் ஒரு பகுதி ஞாயிறுபோல் வட்டமாகவும், மற்றொரு பகுதி பிறைத்திங்கள்போல் வளைந்தும் இருத்தலின் 'ஞாயிறு திங்கள் ஏரி' என்று பெயர் பெற்றது. காலையில் பனிப்படலம் நீர்மேல் தவழும். கதிரவன் எழ எழ அப்படலம் விலகி, மலைகளின் நிழல் நீரில் தலைகீழாகத் தோன்றும்.

அவ்வேரியைத் தம் தாயகமாகக் கொண்டவர் ஷாவ் என்னும் பழங்குடியினர். வெண்மான் ஒன்றைத் துரத்தி வந்த வேட்டுவரே இவ்வேரியைக் கண்டு இங்குக் குடியமர்ந்தனர் என்பது அவர்தம் முன்னோர் கதை. ஏரியின் நடுவேயுள்ள லாலு என்னும் சிறு தீவு அவர்களுக்குப் புனிதமானது. முன்னோரின் ஆவிகள் அங்கு உறைகின்றன என்பர். நீர்மின் திட்டத்திற்காக 1934-இல் ஏரியின் நீர்மட்டம் உயர்த்தப்பட்டபோது அத்தீவின் பெரும்பகுதி நீரில் மூழ்கிற்று. அதற்கு வேற்றுப் பெயரும் சூட்டினர். காதலரை இணைக்கும் தெய்வத்திற்கு அங்கு மண்டபமும் எழுப்பினர். 1999-இன் நடுக்கத்தில் அம்மண்டபம் இடிந்து, தீவின் கரையும் சரிந்தது. அதன்பின்னரே அத்தீவு தன் பழம்பெயராகிய லாலு என்பதைத் திரும்பப் பெற்றது.

சில நூற்றுவரே ஆகிய ஷாவ் மக்களின் வீடுகளுள் பெரும்பாலானவை அன்று இடிந்தன. குடியிருப்பு சிதறினால் அவர்தம் மொழியும் வழிபாடும் சிதறும் என்னும் அச்சம் எழுந்தது. அந்நிலையில் ஷியே யிங்சுன் என்னும் கட்டடக் கலைஞர் அவர்களுக்குத் துணை நின்றார். எளிய எஃகுச் சட்டமும் மூங்கிலும் கொண்டு, தம் கைகளாலேயே கட்டிக்கொள்ளத்தக்க வீடுகளை அவர் வகுத்துத் தந்தார். குடியினர் கூடி உழைத்து வீடுகளை எழுப்பினர். வழிபாட்டிற்கு நடுவே திறந்த முற்றமும் அமைத்துக்கொண்டனர். முன்னோரின் ஆடைகளை இட்டுவைக்கும் கூடை ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. விழாக் காலத்தில் அக்கூடைகளை வரிசையாக வைத்து வழிபடுவர். அவ்வழக்கம் அறுபடாமல் தொடர்ந்தது. 2001-ஆம் ஆண்டில் ஷாவ் மக்கள் தனிக்குடியினர் என்னும் அரசின் ஏற்பையும் பெற்றனர்.

தவளை வாழ்வித்த ஊர்

ஏரியை விட்டு வடக்கே இறங்கும் சாலை புலி என்னும் நகருக்குச் செல்கிறது. அப்பெயரைக் கேட்டவுடன் நமக்குக் காட்டு விலங்கு நினைவிற்கு வரும். அந்நகரோ வண்ணத்துப்பூச்சிகளுக்கும் கைத்தாளுக்கும் பெயர் பெற்றது! அந்நகரை அடையுமுன் வழியில் வருவது தாவ்மி என்னும் சிற்றூர். முற்காலத்தில் மலைவாழ் மக்கள் புலி நகரில் அரிசி வாங்கிச் சுமந்து செல்லும் வழியில் இருந்தமையால், அரிசி சுமக்கும் பள்ளம் என்னும் பொருள்பட அவ்வூர்க்குப் பெயர் அமைந்ததாம்.

நிலநடுக்கத்திற்கு முன்னரே தாவ்மி நலிந்த ஊராக இருந்தது. மூங்கில் குருத்து விளைப்பதே அவ்வூராரின் முதன்மைத் தொழில். அதற்கு விலை குன்றிற்று. இளைஞர் வேலை தேடி வெளியூர் சென்றனர், முதியோரே எஞ்சினர். அந்நிலையில் நிலமும் நடுங்கிற்று. ஊரிலிருந்த 369 வீடுகளுள் 168 முற்றும் இடிந்தன. 60 பாதி இடிந்தன. இனி இவ்வூரில் இருந்து என்ன பயன் என்று பலரும் சோர்ந்தனர்.

வீட்டை மட்டும் கட்டித் தந்தால் அவ்வூர் பிழைக்குமா? நலிந்த தொழில் நலிந்தவாறே இருப்பின், புதிய வீட்டையும் பூட்டிவிட்டு மக்கள் வெளியேறுவர் அல்லரோ? இதனை உணர்ந்த தொண்டர் சிலர், புலி நகரத்து அறக்கட்டளை ஒன்றின் வாயிலாக ஊராரை அழைத்துப் பேசினர். தைவானுக்கே உரிய உயிரினங்களை ஆராயும் நிலையம் ஒன்று ஜிஜியில் உண்டு. அந்நிலையத்து அறிஞர் தாவ்மியின் ஓடைகளையும் சதுப்பு நிலங்களையும் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது ஊராரே அறியாத செல்வம். இருபதுக்கும் மேற்பட்ட தவளை வகைகளும், நாற்பதுக்கும் மேற்பட்ட தும்பி வகைகளும் அங்கு வாழ்ந்தன. தைவான் தீவு முழுமையிலும் உள்ள தவளை வகைகளுள் பெரும்பாலானவை அவ்வொரு சிற்றூரிலேயே இருந்தன.

தவளையைக் காட்டி வயிறு வளர்க்கலாமா என்று ஊரார் ஐயுற்றது இயல்பே. பிறந்த நாள் முதல் கேட்ட ஒலி அன்றோ அது! ஆயினும் வேறு வழியின்மையால் கற்கத் தொடங்கினர். மண்வெட்டி பிடித்த கைகள் ஏடு பிடித்தன. நடுவயதைக் கடந்த ஆடவரும் பெண்டிரும் மாலையில் வகுப்பிற்குச் சென்றனர். இரவில் கைவிளக்கு ஏந்தி ஓடைக்கரையில் தவளை தேடினர். நாய் குரைப்பதுபோல் கத்துவது ஒரு வகை. பறவை கூவுவதுபோல் ஒலிப்பது ஒரு வகை. பசும்மேனியுடன் இலைமேல் அமர்ந்து, நீரருகே நுரைக்கூடு கட்டி முட்டையிடுவது ஒரு வகை. ஒலியைக் கேட்டே வகையைக் கூறும் அளவிற்கு அவர்கள் தேர்ந்தனர். தேர்வு வைக்கப்பட்டது. அதில் வெற்றி பெற்றவரே பயணிகளுக்கு வழிகாட்டும் உரிமை பெற்றனர். ஐம்பது வயதிற்கு மேல் தேர்வெழுதுதல் எளிதா? அவ்வூரார் எழுதினர், தேறினர்.

கற்றபின் ஊரைக் காணும் கண்ணும் மாறிற்று. தவளை தோலாலும் மூச்சு விடும் உயிர். நீர் கெட்டால் முதலில் மாள்வது அதுவே. ஆதலின் தவளை வாழ வேண்டுமாயின் ஓடை தூய்மையாக இருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்தனர். குப்பை நிறைந்த ஓடைகளைத் துப்புரவு செய்தனர். சிமெண்டுச் சுவர் எழுப்புவதற்கு மாறாக, ஆற்றுக் கற்களை அடுக்கிக் கரை கட்டினர். கற்களின் இடுக்கு உயிர்களுக்குப் புகலிடமாயிற்று. அந்நிலத்திற்கே உரிய செடிகளை நட்டனர், குளங்களைத் தோண்டினர். இவ்வேலைகளுக்கு மறுசீரமைப்பு நிதியிலிருந்து கூலி கிடைத்தமையால், வீடிழந்தோர் தம் ஊரைத் திருத்தும் பணியாலேயே உணவும் பெற்றனர்.

பின்னர்ப் பயணிகள் வரத் தொடங்கினர். ஊரார் தம் வீடுகளில் அவர்களைத் தங்கவைத்து, தம் தோட்டத்து விளைபொருளைச் சமைத்துப் படைத்தனர். இரவில் விளக்கேந்தி அழைத்துச் சென்று தவளைகளைக் காட்டினர். வரும் ஊதியத்தில் ஒரு பங்கை ஊர்ப் பொதுநிதிக்கு அளிப்பது என்றும் விதித்துக்கொண்டனர். இடர்ப்பாடு எதுவும் இல்லை என்று கூற இயலாது. விருந்தினரை ஏற்க இடமுள்ள வீட்டிற்கும் இல்லாத வீட்டிற்கும் வருவாய் ஒரே அளவில் சேராது. மிகுதியாக மக்கள் வந்தால், எவ்வுயிர்களைக் காண வருகின்றனரோ அவ்வுயிர்களுக்கே இடையூறு நேரும். இவற்றைக் கூடிப் பேசித் தீர்த்தல் அவ்வூராரின் முடிவுறாத பணியாகும்.

தவளை தன் வாயால் கெடும் என்பது நம் நாட்டுப் பழமொழி. தாவ்மியிலோ, தவளையின் வாய் தானும் வாழ்ந்து, வீழ்ந்த ஊரையும் வாழ்வித்தது.

தாள் மண்டபம்

தாவ்மியில் காணத்தக்க மற்றொரு பொருள் தாளால் ஆன மண்டபம். அதன் வரலாறு தைவானில் தொடங்கியதன்று. 1995-ஆம் ஆண்டு சனவரி 17 அன்று சப்பான் நாட்டுக் கோபே நகரம் நிலநடுக்கத்தால் சிதைந்தது. ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரத்துத் தக்கத்தோரி பகுதியிலிருந்த கிறித்தவக் கோயில் தீக்கிரையாயிற்று. ஷிகேரு பான் என்னும் சப்பானியக் கட்டடக் கலைஞர் அவ்விடத்தில் 58 தாள் குழாய்களைத் தூண்களாக நாட்டி ஒரு மண்டபம் அமைத்தார். ஒவ்வொரு குழாயும் ஐந்து மீட்டர் உயரம் உடையது. 160 தொண்டர்கள் ஐந்து வாரங்களில் அதனைக் கட்டி முடித்தனர். வழிபாட்டிற்கும் ஊர்க்கூட்டத்திற்கும் அம்மண்டபம் பத்தாண்டுகள் பயன்பட்டது.

நிலையான கோயில் கட்டும் காலம் வந்தபோது, 2005-இல் அதனைப் பிரித்தெடுத்தனர். பிரித்த தூண்கள் கடல் கடந்து தைவான் சேர்ந்தன. நிலநடுக்கத்தின் ஒன்பதாம் நினைவு நாளாகிய 2008 செப்டம்பர் 21 அன்று அம்மண்டபம் தாவ்மியில் திறக்கப்பட்டது. ஒரு நாட்டுத் துயரில் பிறந்தது மற்றொரு நாட்டுத் துயர்க்கு ஆறுதலாயிற்று. மாலையில் விளக்கேற்றியபின், முன்னுள்ள குளத்தில் அம்மண்டபத்தின் ஒளி நிழலாடும். குளக்கரையில் தவளைகள் குரலெழுப்பும். கல்லும் சிமெண்டும் வீழ்ந்த நாட்டில் தாள் நின்று நிலவுவதைக் காண்போர், உறுதி என்பது பொருளின் கனத்தில் மட்டும் இல்லை என்று உணர்வர்.

நிமிர்ந்து நிற்பது எது?

நிலம் மீண்டும் நடுங்காது என்று தைவான் மக்கள் எண்ணவில்லை. தட்டுகள் இன்றும் நெருங்கிக்கொண்டே உள்ளன. 2024 ஏப்ரல் 3 அன்று கிழக்குக் கரையிலுள்ள ஹுவாலியன் பகுதியில் மீண்டும் ஒரு பெரிய நடுக்கம் நேர்ந்தது. 1999-க்குப் பின் அத்தீவில் நேர்ந்தவற்றுள் மிகப் பெரியது அதுவே. ஆயினும் மாண்டோர் தொகை இருபதின் அளவிலேயே நின்றது. நடுக்கம் நேர்ந்த இடம் வேறு என்பதும் அதற்கு ஒரு காரணம். 1999-க்குப் பின் கட்டட விதிகளைக் கடுமையாக்கியதும், பழைய கட்டடங்களை வலுப்படுத்தியதும், ஆண்டுதோறும் செப்டம்பர் 21 அன்று மக்களுக்குப் பயிற்சி அளித்ததும் வேறு காரணங்கள். ஆண்டுதோறும் அந்நாளில் மாணவர்கள் மேசையின் கீழ் ஒடுங்கித் தலையைக் காத்துக்கொள்ளப் பழகுகின்றனர். பின் வரிசையாக மைதானத்திற்கு வெளியேறுகின்றனர்.

வூபெங் பள்ளியார் இடிபாட்டைப் பாடமாக்கினர். தொண்ணூற்றொன்பது சிகரங்களைத் தாமே தளிர்க்க விட்டனர். ஜிஜியார் பழைய மரத்தைப் போற்றினர். ஷாவ் குடியினர் கூடிக் கட்டித் தம் குடியைக் காத்தனர். தாவ்மியார் தம் காலடியில் கிடந்த செல்வத்தைக் கற்றறிந்தனர். இவ்வைந்து இடங்களிலும் உதவி வெளியிலிருந்து வந்தது உண்மையே. ஆனால் எழவேண்டும் என்னும் எண்ணமும், எழுவதற்குரிய கல்வியும் அவ்வூராரிடமே பிறந்தன.

இழந்ததை முன்போலவே பெறுதல் எவர்க்கும் இயலாது. மாண்டவர் மீளார், சரிந்த மலை பழைய வடிவம் பெறாது. எஞ்சியது எது என்று தேடிக் கண்டு, அதனைக் கற்று, அதனைப் பேணி வாழத் தொடங்குவோரே மீண்டும் எழுகின்றனர். தாவ்மியின் ஓடைக்கரையில், இரவின் இருளில், நரைத்த தலையினர் ஒருவர் கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்து, ஓர் இலைமேல் அமர்ந்த சிறு தவளையைச் சிறுவர்க்குக் காட்டி அதன் பெயரைக் கூறுகிறார். சிறுவர் மூச்சடக்கிப் பார்க்கின்றனர். நிலம் நடுங்கிய நாட்டில் நிமிர்ந்து நிற்பது எது என்னும் வினாவிற்கு அக்காட்சியே விடையாகும்.